கூலிக்குப் பிடித்த கூட்டமும் கூடி வந்த கூட்டமும்

"ஆயிரம் பேர் வேண்டுமா? இன்ன விலை. பத்தாயிரம் பேர் வேண்டுமா? விலையிலே சலுகை உண்டு!" — கைப்பேசிக்குள்ளே இப்படியொரு கூவல் கேட்காத ஊர் இன்று இல்லை. கத்தரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் விலை சொல்வதுபோல மனிதத் தலைகளுக்கு விலை சொல்கிறார்கள். முகநூலில் ஒரு பக்கமோ, யூடியூபில் ஒரு சேனலோ, இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கோ தொடங்கியவர் எவரையும் இந்தத் தரகர்கள் சும்மா விடுவதில்லை. வடகாட்டுப் பலாவை நாலு ஊருக்குக் காட்டிட நினைக்கும் விவசாயி, ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டை நேரே வீடுகளுக்கு விற்றிட நினைக்கும் மீனவப் பெண், கடன் வாங்கித் தையல் எந்திரம் போட்ட மகளிர் குழு — எல்லோருக்கும் ஒரே பாடந்தான் ஓதப்படுகிறது: "காசு கட்டு, கூட்டம் வரும்!"

காசு கட்டினால் கூட்டம் வருமா? வரும். வந்த கூட்டம் நிற்குமா? வாங்குமா? வாழ வைக்குமா? அதைத்தான் தோழர்களே, இன்று எண்ணிப் பார்த்திட வேண்டும் என்கிறோம்.

பொம்மைக் கூட்டம்

தரகர் கடையிலே சரக்கு இரண்டு வகை. முதல் வகை, முழுப் பொய். ஆளே இல்லாத பெயர்கள், எந்திரம் பெற்றெடுத்த முகங்கள், எண்ணிக்கைக்காக மட்டும் பிறந்த கணக்குகள். மாநாட்டுப் பந்தலிலே வைக்கோல் பொம்மைகளைக் கொண்டுவந்து வரிசை வரிசையாக நாற்காலியில் சாய்த்து வைத்தால் எப்படியிருக்கும்? தொலைவிலே நின்று பார்ப்பவனுக்கு மாநாடு; மேடையிலே நிற்பவனுக்கு மயானம்! கை தட்டாது, கேள்வி கேட்காது, ஒரு படி பயறு கூட வாங்காது அந்தக் கூட்டம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவிலே டெவுமி என்றொரு நிறுவனம் இதையே பெரும் வாணிபமாக நடத்தியது. நடிகரும் விளையாட்டு வீரரும் அரசியல்வாதியும் அதன் வாடிக்கையாளர்கள். நியூயார்க் டைம்ஸ் ஏடு 2018 ஜனவரியில் அதன் குட்டை உடைத்தது. 2019-ஆம் ஆண்டு அந்நாட்டு மத்திய வாணிப ஆணையம் அந்நிறுவனத்தின் மீதும் அதன் தலைவர் மீதும் நடவடிக்கை எடுத்து, 25 லட்சம் டாலர் தண்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. 2024-இல் அதே ஆணையம், போலிப் பின்தொடர்வோரை விற்பதும், போலி என்று தெரிந்தே வாணிபத்துக்காக வாங்குவதும் தவறு என்று விதியே வகுத்துவிட்டது. அங்கே அம்பலமாகிப் போன சரக்கைத்தான், இங்கே அறந்தாங்கிக் கடைவீதிப் பையனிடம் புதுச்சரக்கு என்று விற்கிறார்கள்!

இரண்டாவது வகை, விளம்பரம். நம் பக்கத்தை இத்தனை பேர் கண்ணிலே காட்டு என்று கம்பெனிக்கே பணம் கட்டுவது. இது பொய்யுமல்ல, குற்றமுமல்ல. நாளேடுகளும் விளம்பரத்தை நம்பித்தான் வாழ்கின்றன. நாம் மட்டும் அதைப் பழித்துப் பேசினால் படிப்பவர் சிரிப்பர். முதலுள்ள வாணிபனுக்கு அது ஒரு கருவி. ஆனால் முதலில்லாதவன் அதையே நம்பி இறங்கினால் என்ன ஆகும்? டேங்கர் லாரித் தண்ணீரை வாங்கிக் கண்மாயை நிரப்பப் பார்த்த கதையாகும். லாரி வரும் வரை ஈரம். பணம் நின்றால் லாரி நிற்கும். லாரி நின்றால் மண் வெடிக்கும். கண்மாய்க்கு வேண்டியது வரத்துவாரி. மழை எங்கே பெய்தாலும் நீரை இழுத்துக் கொண்டுவந்து சேர்க்கும் வழி அது. புதுக்கோட்டைச் சீமையிலே பிறந்தவனுக்கு இதை விளக்கவா வேண்டும்?

யூடியூப் கம்பெனியின் விதியே இதற்குச் சான்று பகர்கிறது. அங்கே விளம்பர வருவாயில் பங்கு பெற வேண்டுமானால், சேனலுக்கு 1,000 சந்தாதாரர் வேண்டும். அத்துடன் கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். இல்லையேல் குறும்படத் துணுக்குகளை 90 நாளிலே ஒரு கோடி முறை பார்த்திருக்க வேண்டும். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஆளுக்கு மூன்று நிமிடம் பார்ப்பதாக வைத்துக்கொண்டாலும் 80,000 முறை மனிதர் வந்து உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். பொம்மை உட்காருமா பார்க்க? அது மட்டுமா! பணம் கட்டி விளம்பரமாக ஓட்டிய காட்சியினால் வந்த மணிகளை இந்தக் கணக்கிலே சேர்க்க மாட்டோம் என்று கம்பெனியே சொல்லி வைத்திருக்கிறது. விளம்பரம் விற்கும் கடைக்காரனே, விலைக்கு வந்த பார்வையை நான் பார்வையாக எண்ண மாட்டேன் என்கிறான்! இதற்கு மேலும் தீர்ப்பு வேண்டுமோ?

சின்ன வீரமங்கலம் சொல்லும் சேதி

"பணமும் கட்டாதே என்கிறீர், பிறகு கூட்டம் எப்படி வரும்? வானத்திலிருந்தா குதிக்கும்?" என்று கேட்பவர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். விடை தேடி அமெரிக்காவுக்கு ஓட வேண்டியதில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இருக்கிறது விடை. அதன் பெயர் சின்ன வீரமங்கலம்.

2018-ஆம் ஆண்டு அந்தச் சிற்றூரிலே ஒரு பெரியவரும் அவர் பேரப்பிள்ளைகள் ஐவரும் சேர்ந்து யூடியூபில் ஒரு சேனல் தொடங்கினர். பெரியவர் பெயர் பெரியதம்பி. சமையல் தொழிலிலே பழுத்த கை. பிள்ளைகள் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஆண்டு முழுவதும் வயல் வேலை கிடையாத பூமி இது. மற்ற மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா, அல்லது இச்சீமைப் பிள்ளைகள் பலரும் செய்வதுபோல வீட்டை விட்டு, மண்ணை விட்டுச் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கப்பலும் விமானமும் ஏறுவதா? இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்றைத் தேடினார்கள். திறந்த வெளியிலே அடுப்பு மூட்டினார்கள். வேட்டி லுங்கி கட்டியபடியே நின்றார்கள். அண்டாவை ஏற்றினார்கள். ஆக்கினார்கள். அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்று பெயர் சூட்டினார்கள்.

என்ன ஆயிற்று? மூன்றே ஆண்டில், 2021-இல், ஒரு கோடிச் சந்தாதாரர்! தமிழ்ச் சேனல்களிலே அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது அதுதான். ஒரு லட்சத்துக்கு வெள்ளிப் பட்டயம், பத்து லட்சத்துக்குத் தங்கப் பட்டயம், ஒரு கோடிக்கு வைரப் பட்டயம் என்று யூடியூப் வைத்திருக்கிற வரிசையிலே, வைரத்தையே கொண்டுவந்து களத்துமேட்டிலே வைத்தனர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். பிறகு இரண்டு கோடியையும் தாண்டிற்று. 2021 ஜூலையில், கொரோனா நிவாரணத்துக்கென முதலமைச்சரின் நிதிக்குப் பத்து லட்சம் ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2022-இல் வெளிவந்த 'விக்ரம்' படத்திலே அவர்களை அவர்களாகவே காட்டினார்கள்.

2021 ஜனவரியில் ராகுல் காந்தி தமிழகம் வந்தபோது இவர்களைச் சந்தித்தார். காளான் பிரியாணி வெந்தது. வெங்காயத் தயிர்ப் பச்சடியை அவரே கலந்தார். அதனால்தான் பெயர் வந்தது என்று சிலர் பேசுவர். காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்! பல லட்சம் பேர் அந்தச் சேனலிலே சேர்ந்துவிட்ட பிறகுதான் அந்த வருகை. தலைவர் வந்ததால் கூட்டம் கூடவில்லை. கூட்டம் கூடிய இடத்துக்குத் தலைவர் வந்தார். எந்தக் கட்சித் தோழரும் நெஞ்சிலே எழுதிக்கொள்ள வேண்டிய வரிசை இது.

என்ன கொடுத்தார்கள்?

ஏன் கூடியது கூட்டம்? மாயமா? மந்திரமா? ஒன்றுமில்லை. கொடுத்தார்கள், ஆகவே வந்தார்கள்.

அவர்கள் படத்தைப் பார்த்திடுங்கள். மஞ்சள் தூளைப் போடுமுன் கையிலே ஏந்திக் காட்டி, "மஞ்சள் தூள்!" என்று உரக்கக் கூவுகிறார் ஒருவர். கல் உப்பை எடுத்தால் "கல் உப்பு!" என்கிறார். பார்ப்பதற்கு விளையாட்டுப்போலத் தோன்றும். விளையாட்டல்ல, அது வகுப்பறை. தமிழறியாத பஞ்சாபியும், சமையலறியாத பட்டணத்து இளைஞனும், கடல் கடந்த தமிழன் வீட்டுப் பிள்ளையும் பொருளைக் கண்ணாலே கண்டு பெயரைக் காதாலே கேட்கிறார்கள். பார்த்தவன் ஒன்று தெரிந்துகொண்டு போகிறான். வெறுங்கையோடு அனுப்பாத வீட்டுக்கு விருந்தாளி மீண்டும் வருவான் அன்றோ?

அடுத்தது, நிலைத்த முகம். அதே பெரியவர், அதே பிள்ளைகள், அதே வயல்வெளி, அதே அம்மி, அதே அண்டா. இன்றைக்குச் சமையல், நாளைக்குச் சினிமா வம்பு, மறுநாள் சோதிடம் என்று தாவவில்லை. வாரச் சந்தை ஏன் நிலைக்கிறது? அந்தக் கிழமையில் அந்த இடத்தில் கூடும் என்று ஊருக்குத் தெரியும், அதனால் நிலைக்கிறது. கிழமை தவறும் சந்தைக்கு மாடு ஓட்டி வருபவன் யார்?

இவை இரண்டுக்கும் மேலானது பந்தி. ஆக்கியது கேமிராவுக்காக ஆக்கியதல்ல. வயதில் மூத்தோரையும் ஊராரையும் உட்கார வைத்து இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். முதியோர் இல்லத்துக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் அனுப்புகிறார்கள். பார்ப்பவன் மனத்திலே ஒரு நம்பிக்கை பிறக்கிறது — இங்கே சோறு மெய், பசி மெய், உண்பவர் முகத்திலே மலரும் நிறைவு மெய் என்று. அந்த நம்பிக்கைதான் ஒருவரை இன்னொருவரிடம், "நீயும் பார்" என்று சொல்ல வைக்கிறது. சொல்பவன் கூலி கேட்பதில்லை; மனம் நிறைந்தவன் வாய் சும்மா இராது!

எந்திரமும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. வந்தவர் எத்தனை பேர் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த யூடியூப், 2012-இல் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. வந்தவர் எவ்வளவு நேரம் தங்கினார் என்று பார்க்கத் தொடங்கியது. ஒரு காட்சியைச் சிலருக்குக் காட்டுகிறது. அவர்கள் தங்கினால் மேலும் பலருக்குக் காட்டுகிறது. எழுந்து போனால் அடக்கிவிடுகிறது. இந்த நிலையிலே ஆயிரம் பொம்மைகளை விலைக்கு வாங்கிப் போட்டவன் கதி என்ன? பின்தொடர்வோர் ஆயிரம், பார்ப்பவர் பத்துப் பேர் என்பது, சரக்கில் சாரமில்லை என்று தன் வாயாலே சாட்சி சொல்வதாகும். காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்!

சைக்கிளிலே சென்ற சேதி

"இதெல்லாம் கைப்பேசி வந்தபின் பிறந்த வித்தை" என்றெண்ண வேண்டாம். கைப்பேசியும் யூடியூபும் பிறக்குமுன்பே இந்த வித்தையைச் செய்து காட்டிய மாவட்டம் இது. 1991-இல் அறிவொளி இயக்கம் இங்கே நடந்ததே, நினைவிருக்கிறதா? அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார். கற்றுக்கொடுக்கும் பெண் உள்ளூர் வரை போய்ச் சேர வேண்டுமே! பெண் சைக்கிள் ஓட்டுவதா என்று கேலி பேசினவர்கள் இல்லாமலில்லை. ஆயினும் கல் உடைக்கும் பெண்ணும் வயலிலே நடவு நடும் பெண்ணும் பாவாடை புடவையைச் சொருகிக்கொண்டு ஏறி மிதித்தார்கள். வங்கிக் கடன் வந்தது. பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி, அந்தக் கம்பியிலே குழந்தையை உட்கார வைத்து ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள், கொடி கட்டிய சைக்கிளில் மணி ஒலிக்கப் புதுக்கோட்டை நகரைச் சுற்றி வந்தபோது ஊரே வாயடைத்து நின்றது.

அந்த இயக்கத்தை ஊர் ஊராய்ப் பரப்பியது எது? பாட்டு, வீதி நாடகம், கற்றவள் கல்லாதவளைக் கை பிடித்து இழுத்து வந்தது. ஒருத்தி கற்றாள், ஒன்பது பேருக்குக் கற்பித்தாள். விலை கொடுத்து ஏற்றிய எண்ணிக்கையாயிருந்தால், விழா முடிந்த மறுநாளே வீட்டுக்குப் போயிருக்கும். அவளுக்கோ சைக்கிள் வாழ்விலே ஒரு வசதியைத் தந்தது — தண்ணீர் கொண்டுவர, விளைந்ததை விற்றுவர, பிள்ளையைப் பள்ளியிலே விட்டுவர. கொடுத்ததால் பரவியது. 1991-இல் சைக்கிளுக்கு என்ன விதியோ, 2018-இல் அண்டாவுக்கும் அதே விதி!

செலவில்லாத நஞ்சு

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். விளம்பரமின்றி வளர்வதெல்லாம் நல்லது என்று நாம் சொல்லவில்லை. பைசாச் செலவின்றிப் பரவும் பண்டம் ஒன்று உண்டு; அதன் பெயர் பகை. சாதியைச் சொல்லி ஏசு, மதத்தைச் சொல்லித் தூண்டு, பெண்ணை இழித்துப் பேசு — கூட்டம் குவியும்.

தானாகவா குவிகிறது? ஃபேஸ்புக் கம்பெனியின் உள் ஆவணங்கள் 2021-இல் வெளியானபோது உலகம் ஒன்று தெரிந்துகொண்டது. 2017 முதல், சினக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு 'லைக்'கைப்போல ஐந்து மடங்கு மதிப்பு வைத்திருந்தது அக்கம்பெனி. ஒருவன் விரும்பினால் ஒரு மதிப்பெண், கொதித்தால் ஐந்து! பொய்யும் வம்பும் அவ்வழியே ஓடுகின்றன என்று அவர்களுடைய ஆய்வாளர்களே எடுத்துரைத்த பிறகு, மதிப்பைக் குறைத்துக் குறைத்து, 2020-இல் சினக்குறிக்குச் சுழி போட்டார்கள். அதற்குள் எத்தனை ஊரில் எத்தனை வீடு புகைந்ததோ!

ஆகவே, கூட்டம் சேர்க்கத் துடிக்கும் இளைஞனே, ஒன்றைக் கேட்டுக்கொள்: உன் பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவன் கையிலே என்ன இருக்கிறது? ஒரு சமையல் குறிப்பா, ஒரு சட்டச் செய்தியா, ஒரு வேலைவாய்ப்பா? அல்லது பக்கத்து வீட்டுக்காரன் மீது எறியக் கல்லா?

மண் யாருடையது?

நல்ல வழியிலே வந்த கூட்டமாகவே இருக்கட்டும். அது நிற்கும் மண் யாருடையது? இதை மறந்தவர் பட்ட பாட்டை நாடு கண்டது. 2020 ஜூன் 29-ஆம் நாள் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தது. தடையின் நியாயம் தனிக் கதை. அதுவரை அங்கே ஆடிப் பாடி, நடித்து, பேசி, லட்சம் பத்து லட்சம் என்று ஆள் சேர்த்திருந்த சிற்றூர்ப் பிள்ளைகள் மறுநாள் விழித்தபோது கையிலே ஒன்றுமில்லை! பயிர் இருந்தது, வயல் போயிற்று.

2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் விதியை மாற்றிற்று. உறவினர் நண்பர் இடுவனவற்றை முன்னே காட்டுவோம், பக்கங்கள் இடுவனவற்றைக் குறைப்போம் என்றது. பாடுபட்டுச் சேர்த்த ஆளையே எட்டிப் பார்க்கப் பணம் கட்ட வேண்டிய நிலை பல பக்கங்களுக்கு வந்து சேர்ந்தது. குத்தகை நிலத்திலே கிணறு வெட்டியவன் கதை இதுதான். தண்ணீர் ஊறிய பிறகு மிராசுதார் வந்து, குடத்துக்கு இவ்வளவு என்கிறார்! யூடியூபிலும் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 படைத்தவனுக்கு, 45 கம்பெனிக்கு. குறுங்காட்சிக்கோ படைத்தவன் பங்கு 45 தான். வாரம் பிரிக்கும் கணக்கு நம் உழவனுக்குப் புதிதல்லவே!

அதனால் அந்த மண்ணிலே இறங்காதே என்கிறோமா? இல்லை. இறங்கு, உழு, விளைவி. விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்கிறோம்.

செய்ய வேண்டியது

பலா விற்க வந்தவனுக்குப் பத்து லட்சம் பேர் எதற்கு? திரும்பத் திரும்ப வாங்கும் இருநூறு குடும்பம் போதாதா? எல்லாப் பக்கமும் சின்ன வீரமங்கலம் ஆகிவிடாது. அப்படி ஆகும் என்று ஆசை காட்டுகிறவனும் அந்தத் தரகனுக்குத் தம்பிதான். ஆகவே காணியை அடகு வைத்துக் கேமிரா வாங்க வேண்டாம், கைப்பேசி போதும். ஒரு பொருளைப் பிடி, அதிலேயே நில். கிழமை குறி, தவறாதே. ஆக்கும் விதத்தைக் காட்டு, அழுகியதையும் மறைக்காமல் காட்டு. கேள்வி கேட்டவனுக்கு விடை சொல். வைதவனுக்கும் மரியாதையாகச் சொல். உன் பேச்சிலே, உன் ஊர்ச் சொல்லிலே பேசு. பட்டணத்துக் குரலை இரவல் வாங்காதே.

வாங்கிய குடும்பத்தின் பெயரையும் எண்ணையும் அவர்கள் ஒப்புதலோடு உன் நோட்டிலே எழுதி வை. கம்பெனி கதவடைத்தாலும் அந்த நோட்டு உன்னுடையது. மகளிர் குழுவாயின், அக்கம்பக்கத்துக் குழுக்கள் பத்தும் ஒன்றையொன்று எடுத்துக் காட்டட்டும். கருவாட்டுக்காரி பலாக்காரனைச் சொல்லட்டும். பலாக்காரன் தையற்காரியைச் சொல்லட்டும். அறிவொளிக் காலத்துச் சங்கிலி அதுதானே!

கட்சித் தோழர்களுக்கும் இது பொருந்தும். பக்கத்திலே லட்சம் பேர் என்று மார்தட்டும் பொறுப்பாளர் ஒருவர், தன் வார்டிலே பத்து வீட்டுக் கதவைத் தட்டினால் எத்தனை கதவு திறக்கும் என்று எண்ணிப் பார்க்கட்டும். தேநீர்க் கடையிலே ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு வளர்ந்தது தமிழ் ஏட்டுலகம். கேட்ட பத்துப் பேருக்கும் கூலி இல்லை. அன்றன்றைய கூலி வேலைக்குப் புறப்படுமுன் அரை மணி நேரத்தைக் கேட்பதற்கென்று கொடுத்தவர்கள் அவர்கள். அந்த அரை மணிக்குத் தக்க பொருளை நாம் கொடுக்கிறோமா என்பதே அன்றும் கேள்வி, இன்றும் கேள்வி.

கூலிக்குப் பிடித்த கூட்டம், கூலி முடிந்ததும் கலையும். கூடி வந்த கூட்டம், இலை போட்டிருக்கிற வரை இருக்கும். ஆகவே தரகனுக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தை மடியிலே முடிந்துகொள் தம்பி! அடுப்பை மூட்டு!